ஒரு பாத் நாணயமும் ஓடிபி தராத மாமியாரும்

சிலர் யோசிக்காமல் தவறு செய்வார்கள். நான் அந்த ரகம் இல்லை. யோசித்து, வீடியோ பார்த்து, குறிப்பெடுத்து, இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்த்து, படுக்கையில் புரண்டு இன்னொரு தடவை யோசித்து, அதற்குப் பிறகுதான் தவறு செய்வேன். அதனால் என் தவறுகளுக்கு அஸ்திவாரம் பலமாக இருக்கும்.

தாய்லாந்தில் நான் செய்த தவறுக்கு அஸ்திவாரம் எங்கள் வீடு இருக்கும் படப்பையில் போடப்பட்டது.

என் கணவர் சேவியருக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. புது மெஷின் பழகிக்கொள்ள அவரைச் சில மாதங்களுக்குத் தாய்லாந்து கிளைக்கு அனுப்பினார்கள். கம்பெனி அங்கே வீடு கொடுத்தது. நானும் எங்கள் மூன்று வயது மகள் ஜோவியும் இரண்டு வாரம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று முடிவானது. எனக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். முதல் விமானப் பயணமும் அதுவே. (இரண்டையும் சேர்த்துச் செய்தால் பயம் ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று சேவியர் சொன்னார். முடியவில்லை.)

விசா, குழந்தைக்கு வாந்தி மாத்திரை என்று மற்றவர்கள் எதைப் பற்றியெல்லாம் கவலைப்படுவார்களோ, அதையெல்லாம் ஒரே நாளில் முடித்தேன். மிச்ச நாட்கள் முழுவதும் ஒரே விஷயத்தைப் படித்தேன். ரூபாயைத் தாய்லாந்துப் பணமான பாத்தாக மாற்றும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி.

இதில் நான் பெரிய ஞானம் அடைந்துவிட்டேன். விமான நிலையத்தில் பணம் மாற்றக் கூடாது, ரேட் மோசம். தாம்பரத்தில் மாற்றலாம், ஆனால் அங்கேயும் கமிஷன் உண்டு. தாய்லாந்து ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம். எல்லாவற்றிலும் நல்லது, மார்க்கப் என்று கூடுதல் கட்டணம் பிடிக்காத கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு கடைகளில் நேராகத் தேய்ப்பது. தேய்க்கும்போது மெஷின் ஒரு கேள்வி கேட்கும். ரூபாயில் கழிக்கவா, பாத்தில் கழிக்கவா. நம் ஊர்ப் பணமாயிற்றே என்று ரூபாயைத் தொட்டால் தீர்ந்தது. அந்த மெஷின்காரர்கள் சொல்வதுதான் ரேட். எப்போதும் பாத்தைத்தான் தொட வேண்டும்.

இதை நான் சேவியருக்கு வீடியோ காலில் பாடம் எடுத்தேன். என் அம்மாவுக்கு எடுத்தேன். பாஸ்போர்ட்டே இல்லாத எதிர்வீட்டு அக்காவுக்கும் எடுத்தேன். "எதுக்கும் கையில கொஞ்சம் பணமா மாத்தி வெச்சுக்கோ" என்று சேவியர் சொன்னார். படிக்காத பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். (அவர் இன்ஜினியர். நான் பி.காம். இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன்.)

இங்கே என் மாமியாரைச் சொல்ல வேண்டும். அத்தை வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை கேட்டில் லேடி செக்யூரிட்டி. பெண்களின் பையைச் சோதிப்பது, ஐடி கார்டு பார்ப்பது, கேமரா வைத்த போன்களை வாங்கி டோக்கன் போட்டு வைப்பது இதெல்லாம் அவர் வேலை. ஒருமுறை அந்தக் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் ஐடி கார்டை மறந்துவிட்டு வந்தபோது, டிரைவர் ஓடிப்போய் வீட்டிலிருந்து எடுத்து வரும்வரை அவரைக் கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தவர். தண்ணீர் மட்டும் கொடுத்தாராம்.

என் நம்பரில்தான் எங்கள் வீடே ஓடுகிறது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் கேட்கும் எண், கரண்ட் பில், ஜோவியின் பள்ளிக்கூடச் செய்தி எல்லாம் அதற்குத்தான் வரும். நான் ஊரில் இல்லாத நேரம் சிலிண்டர் வந்து திரும்பிப் போய்விட்டால் அத்தை என்ன செய்வார்? அதனால் என் சிம்மைக் கழற்றி அவருடைய பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்தேன். அத்தையின் டச் போனை கேட்டில் வைத்திருக்க முடியாது, செக்யூரிட்டியாக இருந்தாலும் கேமரா போன் கேமரா போன்தான். பட்டன் போன் என்றால் எப்போதும் கையிலேயே இருக்கும். நல்ல யோசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொண்ட அடுத்த நிமிஷமே பயம் வந்துவிட்டது. அந்த நம்பருக்கு வங்கியின் ஓடிபியும் வருமே. யாராவது ஏமாற்றி அத்தையிடம் வாங்கிவிட்டால்?

உடனே பயிற்சி ஆரம்பித்தது. வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வரும் அத்தை, நம்பக் கூடாது. நான்தான் பேசுகிறேன் என்று என் குரலிலேயே பேசுவான், இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் குரல் செய்கிறார்கள். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்பான். ஆஸ்பத்திரி என்பான். உடனே வேண்டும் என்பான். அழுவான். எதற்கும் அசையக் கூடாது.

அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எனக்குத் திருப்தி இல்லை. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அடிக்கடி மாக் டிரில் நடக்கும். சைரன் ஊதும், எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள், யாராவது ஒருவர் அடிபட்டவர்போல ஸ்ட்ரெச்சரில் படுத்து நடிப்பார். அந்த யோசனை எனக்கும் வந்தது. மொட்டை மாடிக்குப் போய், எதிர்வீட்டு அக்காவின் போனிலிருந்து அத்தையைக் கூப்பிட்டு, தொண்டையை இறுக்கி அழுதேன். ஜோவி விழுந்துவிட்டாள், உடனே ஓடிபி வேண்டும் என்றேன். அத்தை பதறிப்போய் போனில் இருந்த ஏதோ ஒரு எண்ணைப் படித்துவிட்டார்.

நான் கீழே இறங்கி வந்து, வீடியோ காலில் சேவியர் பார்த்துக்கொண்டிருக்க, அத்தைக்கு வகுப்பு எடுத்தேன். கொஞ்சம் நீளமாகவே எடுத்தேன். கேட்டில் ஒரு கொசுவைக்கூட உள்ளே விடாத மனுஷி, மருமகளிடம் தோற்றுப்போய் நின்றார். கடைசியில் நிதானமாகச் சொன்னார்.

"சரிம்மா. இனிமே நீயே நேர்ல வந்து கால்ல வுழுந்தாலும் அந்த நம்பர சொல்ல மாட்டேன். போதுமா?"

"அதான் அத்தை கரெக்ட்" என்றேன்.

விமான நிலையத்தில் இன்னொரு காரியம் செய்தேன். கார்டை வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை வங்கி ஆப்பில் திறந்து வைக்க வேண்டும். அதை வீட்டிலேயே திறந்து வைத்திருந்தேன். விமானத்துக்காக உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் என் பையையே பார்க்கிற மாதிரி இருந்தது. (அவர் பையைத் தாண்டி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.) எதற்கும் மூடி வைப்போம், போய் இறங்கித் திறந்துகொள்ளலாம் என்று அங்கிருந்த வைஃபையில் ஆப்பைத் திறந்து, அந்த வசதியை மூடினேன். மூடும்போது ஆப் ஒன்றுமே கேட்கவில்லை. திறக்கும்போது கேட்கும். வீட்டில் சிம் போனிலேயே இருந்ததால் ஓடிபி தானாக வந்து தானாக நிரம்பிக்கொண்டது, அப்படி ஒன்று வந்ததையே நான் கவனிக்கவில்லை.

தாய்லாந்தில் சேவியர் இருந்த ஊர், எங்கள் ஒரகடத்தைக் கழுவி நான்கு தென்னை மரம் நட்டு வைத்த மாதிரி இருந்தது. அதே கன்டெய்னர் லாரிகள், அதே ஷிப்டு பஸ்கள். முதல் சில நாட்கள் செலவெல்லாம் சேவியர் பணத்தில் நடந்தது. என் கார்டு பர்ஸிலேயே தூங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை சேவியர் வேலைக்குப் போன பிறகு, ஜோவியைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த பெரிய கடை வளாகத்துக்குப் போனேன். அங்கே பணம் மாற்றும் கவுன்டர்கள் மூன்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாசலிலும் ரேட் எழுதிய பலகை. எனக்கு மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் எது நல்ல ரேட் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தைக் கடந்து போக என்னால் முடியவில்லை. முதல் பலகையைப் பார்த்து, மூன்றாவதைப் பார்த்து, மறுபடி இரண்டாவதுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஜோவி நச்சரிக்காமல் இருக்க அவள் கையில் ஒரு பாத் நாணயம் ஒன்றைக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது கவுன்டர்தான் நல்லது என்று நான் கண்டுபிடித்தபோது ஜோவி இருமினாள். திரும்பினேன். கை காலியாக இருந்தது.

"காசு எங்கடி?"

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அவளைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் ஓடி வந்தாள். யாரோ வண்டி பிடித்தார்கள், அதற்கும் அந்தப் பெண்ணே பணம் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். ஜோவி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் எச்சிலை விழுங்க மாட்டேன் என்று வாயோரத்தில் வழியவிட்டாள். ஓயாமல் பேசும் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே பார்த்தார். ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். மூச்சுக்கு இப்போது ஆபத்து இல்லை. காசு எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வயிற்றுக்குப் போயிருந்தால் கவலை இல்லை. உணவுக்குழாயில் மாட்டியிருந்தால் எடுக்க வேண்டும், அதற்குப் பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அதிகம் தாமதிக்கக் கூடாது. கவுன்டரில் முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள், தயாராக வைக்கிறேன் என்றார்.

நான் தைரியமாகத்தான் கவுன்டருக்குப் போனேன். இந்த நாளுக்காகத்தானே இத்தனை படிப்பு.

கார்டு மறுக்கப்பட்டது. மறுபடி தேய்த்தார்கள். மறுபடி மறுக்கப்பட்டது. அப்போதுதான் விமான நிலையத்தில் மூடியது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி வைஃபையில் ஆப்பைத் திறந்து, வசதியைத் திற என்று தொட்டேன். உங்கள் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம், சில நிமிடங்களே செல்லும் என்று வந்தது.

பதிவு செய்த எண் வல்லம் வடகாலில் ஒரு செக்யூரிட்டி சட்டைப் பையில் இருந்தது.

சேவியரைக் கூப்பிட்டேன். அவர் போனை அவருடைய கேட்டில் வாங்கி வைத்திருப்பார்கள், அடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொழிற்சாலையின் நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னாள். நான் "சேவியர், சேவியர்" என்றேன். அவள் கட் செய்துவிட்டாள். (அங்கேயும் ஒரு அத்தை இருந்திருக்க வேண்டும்.) என் அம்மா காஞ்சிபுரத்தில் டீச்சர். பள்ளி விடும்வரை போன் அணைத்தே இருக்கும். பயணக் காப்பீடு எடுத்திருந்தேன், முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளும் வகை. பர்ஸில் மிச்சமிருந்த பாத்துக்கு ஒரு ஜூஸ் வாங்கலாம்.

சேவியர் வாங்கிக் கொடுத்த உள்ளூர் சிம்மிலிருந்து என் சொந்த நம்பருக்கே போன் செய்தேன். வெளிநாட்டுக்குப் பேசினால் காசு கரையும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

முதல் தடவை கட். இரண்டாவது தடவையும் கட். நான் சொல்லிக் கொடுத்தபடியே. மூன்றாவது தடவை எடுத்தார்.

"யாருப்பா நீ, சும்மா சும்மா அடிச்சுகினு கீற?"

"அத்தை, நான் அனிதா பேசறேன்."

"அனிதா தாய்லாந்துல கீறா."

"அங்கேருந்துதான் அத்தை பேசறேன். ஜோவி காசை முழுங்கிட்டா. ஆஸ்பத்திரில இருக்கோம். உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், அதை உடனே சொல்லுங்க."

அந்தப் பக்கம் அத்தை யாரிடமோ சொல்வது கேட்டது.

"பாத்தியா? கொழந்தன்னான். ஆஸ்பத்திரின்னான். ஒடனேன்னான். மூணும் வந்துச்சு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தியமாக நான்தான் அத்தை என்று அழ ஆரம்பித்தேன்.

"அழுவுறான் பாரு. அதயும் சொல்லிட்டுத்தான் போயிருக்குது எங்க மருமவ."

அப்போது பெண்களின் குரல்கள் கசகசவென்று கேட்டன. அங்கே மதிய ஷிப்டு மாறும் நேரம். அத்தை சாட்சிக்கு ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். அந்தப் பட்டன் போனின் ஸ்பீக்கர், திருவிழாக் குழாய் மாதிரி இருக்கும். சோதனைக்கு வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, குரலு நெஜமாட்டம் கீதுக்கா" என்றது ஒரு பெண்.

"கம்ப்யூட்டர்ல செய்றாங்கடி. அப்டித்தான் இருக்கும்."

அந்தப் பெண் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவள்தான் இன்னொரு தடவை வாதாடினாள், ஒருவேளை நிஜமாகவே மருமகளாக இருந்தால் என்று. அதற்கு அத்தையிடம் பதில் தயாராக இருந்தது.

"மருமவளாவே இருக்கட்டும். அப்பவும் இது மாக் டிரில்லுதான். போன தபா மொட்ட மாடிலேந்து பண்ணா. இந்த தபா தாய்லாந்துலேந்து பண்றா. நான் தோத்துப் போவேன்னு காத்துகினு கீறா."

போனை ஜோவியின் காதில் வைத்தேன். பேசுடி, ஆயான்னு ஒரு தடவை சொல்லு என்று கெஞ்சினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எச்சில் என் தோளில் வழிந்தது. ஓடிபியின் நேரம் முடிந்துவிட்டதாக ஆப் சொன்னது.

மறுபடி அனுப்பச் சொன்னேன். மறுபடி அத்தையைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அழவில்லை. கேட்டுக்கு வரும் ஆளாகவே பேசினேன். சரி அத்தை, நீங்க நம்ப வேண்டாம், என்னைச் சோதிச்சுப் பாருங்க என்றேன்.

அது அவருக்குப் பிடித்திருந்தது. பெயர் கேட்டார், பிறந்த ஊர் கேட்டார், கல்யாணம் நடந்த சர்ச்சின் பெயர் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "இதெல்லாம் நெட்லயே கெடைக்கும்னு அவளே சொல்லியிருக்கா" என்று எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தார். அப்படியானால் எதற்குக் கேட்டார் என்று கேட்கும் நிலைமையில் நான் இல்லை.

"கடசியா ஒண்ணு. இது எங்க அனிதாவுக்கும் அவங்க அம்மாவுக்கும்தான் தெரியும். அவ பாத்ரூம்ல தண்ணிய தொறந்து உட்டுகினு அவங்க அம்மாகிட்ட பேசுவா. அப்ப எனக்கு ஒரு பேரு வெச்சுத்தான் பேசுவா. அந்தப் பேர சொல்லு."

இரண்டு வருஷமாக வைத்திருக்கும் பெயர். இரண்டு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இரண்டு வருஷமும் எனக்குக் காலையில் டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தாய் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? பெயரைச் சொல்லி ஓடிபியை வாங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மரியாதையைக் காப்பாற்றப் பார்த்தேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை அத்தை. அம்மாகிட்டயும் நான் அத்தைன்னுதான் சொல்லுவேன்."

"அப்ப நீ அனிதா இல்ல" என்றார். போன் வைக்கப்பட்டது.

இரண்டாவது ஓடிபியும் போனது. இன்னும் ஒரே ஒரு முறைதான் அனுப்ப முடியும், அதற்குப் பிறகு நாளைக்குத்தான் என்று ஆப் எச்சரித்தது. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, தயாரா என்று புருவத்தால் கேட்டார். ஜோவி ஒரு தடவை குமட்டினாள். ஒன்றும் வரவில்லை. அவள் உதட்டின் நிறம் மாறியிருக்கிறதா, வெளிச்சம்தான் அப்படியா என்று எனக்குத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. ஆனால் அதை நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

கடைசி ஓடிபியை அனுப்பச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டேன். பேலன்ஸ் முடியப் போகிறது என்று ஒரு தாய்லாந்துப் பெண்குரல் இனிமையாகச் சொன்னது. மொழி புரியாவிட்டாலும் அந்தச் செய்தி எந்த ஊரிலும் புரியும்.

"சொல்லு" என்றார் அத்தை. ஹலோ கூட இல்லை.

"மெட்டல் டிடெக்டர்."

தொழிற்சாலைக்குள் போகும் பெண்கள் மேல் அவர் தினமும் தலையிலிருந்து கால்வரை ஓட்டுகிற கருவி அது. வீட்டிலும் அவர் பார்வை என் மேல் அப்படித்தான் ஓடும். எண்ணெய் அதிகமானால், போன் பேசிக்கொண்டே பால் பொங்கவிட்டால், ஜோவிக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுத்தால் உடனே ஒரு சத்தம் வரும். அதனால் வந்த பெயர்.

அந்தக் கேட்டே சிரித்தது. ஒரு ஷிப்டு முழுக்கச் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, லாரி நம்பரைப் படிக்கிற அதே குரலில், அவசரமோ கோபமோ இல்லாமல், அத்தை ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, சரிபார்ப்பதற்காக இன்னொரு தடவையும் படித்தார். நான் அடித்தேன். ஆப்பில் பச்சை டிக் வந்தது.

அதற்குப் பிறகுதான் அத்தையின் குரல் மாறியது.

"அனிதா. கொழந்த மூச்சு உடறாளா?"

நான் வாயைத் திறந்தேன். பேலன்ஸ் தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

கவுன்டருக்கு ஓடினேன். கார்டை வைத்தார்கள். மெஷின் திரையை என் பக்கம் திருப்பினார்கள். இரண்டு பெட்டிகள் தெரிந்தன. ஒன்றைத் தொட்டேன், ரசீது வந்தது, ஜோவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

எக்ஸ்ரேயில் அந்த நாணயம் நிலா மாதிரி உருண்டையாக, வெள்ளையாக, வயிற்றில் உட்கார்ந்திருந்தது. வந்த வழியில் எப்போதோ இறங்கியிருக்கிறது. டாக்டர் சிரித்தார். தானாக வெளியே வரும், பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்றார். தொண்டையில் உரசிய வலியும் பயமும்தான் எச்சிலை விழுங்கவிடாமல் செய்திருக்கின்றன. ஜோவி அப்போதுதான் முதல் வார்த்தை பேசினாள். எனக்கு இன்னொரு காசு வேணும் என்றாள்.

சேவியர் ஷிப்டு முடிந்து போனை வாங்கியபோது அவருடைய அம்மாவிடமிருந்து வந்த அழைப்புகளால் திரை நிறைந்திருந்தது. அத்தை கேட்டை வேறொருவரிடம் விட்டுவிட்டு, டோக்கன் போட்டுப் பூட்டி வைத்திருந்த டச் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ரோட்டோரத்தில் நின்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஷிப்டு நடுவே அவர் கேட்டை விட்டு வெளியே வந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லையாம். குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று சேவியர் சொன்னதும் அங்கேயே, லாரிகளின் தூசியில், தரையில் உட்கார்ந்து மாதாவைக் கூப்பிட்டு அழுதாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. குரலு நெஜமாட்டம் கீதுக்கா என்ற அந்தப் பெண் பிறகு சொன்னாள்.

அன்று சாயங்காலம் சேவியர் ஆஸ்பத்திரி ரசீதை எடுத்துப் பார்த்தார். ரொம்ப மென்மையாக, "அனிதா, ரூபாயில கட்டியிருக்கே" என்றார். நான் தொட்டது எந்தப் பெட்டி என்று அதுவரை எனக்குத் தெரியாது. எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தேனோ, அத்தனை பேரிடமும் அவர் இதைச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அக்கா உட்பட.

ஊர் திரும்பும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காசு மூன்றாம் நாளே வெளியே வந்துவிட்டது. என் வயிற்றில் இருந்தது வரவில்லை. அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன்? மன்னிப்புக் கேட்க என்ன வார்த்தை இருக்கிறது? விமானத்தில் நான்கு விதமாக ஒத்திகை பார்த்தேன்.

அத்தை விமான நிலையத்துக்கு வந்திருந்தார். முதலில் ஜோவியை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் தலையிலிருந்து கால்வரை மெல்ல ஓட்டினார். வயிற்றுக்கு நேராக வந்ததும் வாயால் பீப் என்றார். ஜோவி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். என் நான்கு ஒத்திகையும் மறந்துபோனது.

"இன்னாத்துக்கு இப்டி எளச்சுப் போன? சாப்டலயா?" என்றார். தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

மன்னிப்பை நான் காரில் கேட்டேன். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, பேரு நல்ல பேருதான், ஆனா எங்க கேட்டுல அந்த மிஷினு ஒண்ணு ரெண்டு நாளா வேல செய்யல, நான்தான் வேல செய்றேன் என்றார். அன்றிலிருந்து நான் பாத்ரூமில் தண்ணீர் திறந்துவிட்டுப் பேசுவதில்லை.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தொழிற்சாலையில் அவரை இப்போது டிடெக்டர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் யார் எந்த நம்பரைக் கேட்டாலும், கேஸ் எண்ணோ வைஃபை பாஸ்வேர்டோ, அத்தை முதலில் என் பேரு இன்னா என்பார். அதைச் சொன்னால்தான் அடுத்தது. சேவியர் சொல்லிவிடுவார். ஜோவி கத்திச் சொல்வாள். நான் மட்டும் இன்னும் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறேன்.

என் அம்மாதான் பாவம். அந்தப் பெயரை இரண்டு வருஷம் கேட்டுச் சிரித்தவர் என்ற குற்ற உணர்ச்சியில், அத்தையிடம் பேசாமல் ஒன்றரை வருஷம் தப்பித்துக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை நான் ஜோவியைத் தலைக்குக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அத்தை எடுத்தார். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

"யாரு பேசறது?"

"நான்தான் சம்பந்தி. அனிதா அம்மா."

"நான்தான்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம். என் பேரு இன்னா, அத சொல்லுங்க."

அம்மா முப்பது வருஷம் தமிழாசிரியை. யாரையும் ஒருமையில் பேசிப் பழக்கமில்லை. நான் கையில் ஷாம்பு நுரையோடு கதவோரம் வந்து நின்றேன். ஜோவி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"மெட்டல் டிடெக்டர் அவர்கள்" என்றார் அம்மா.

அத்தை தலையாட்டினார். சிரிக்கவில்லை. சாப்ட்டீங்களா சம்பந்தி என்று ஆரம்பித்து, போனை என்னிடம் கொடுக்காமலே முக்கால் மணி நேரம் பேசினார்.